கொசுவலைக்குள் தக்காளி

நாள் முழுக்கச் செல்போன் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆனால் என் செல்போனை நான் தொட முடியாது. உள்ளே போகும்போதே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். வாட்ச் கூடாது, மோதிரம் கூடாது, புடவையில் குத்துகிற ஊக்குகூடக் கூடாது. திரும்பி வரும்போது, உலோகம் இருந்தால் காட்டிக்கொடுக்கிற அந்தக் கதவுச் சட்டம் கீச்சென்று கத்திவிட்டால், செக்யூரிட்டிப் பெண் என்னைத் திருடியைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாள். காலை டீ பிரேக், சாப்பாட்டு பிரேக், சாயங்கால டீ பிரேக், இந்த இடைவெளியில் மட்டும்தான் போன். மற்றவர்கள் வடைக்கு வரிசை பிடிக்க ஓடுவார்கள். நான் லாக்கருக்கு ஓடுவேன்.

"புருசன் மேல அவ்ளோ ஆசையாடி உனக்கு? வட ஆறிப் போவுது பாரு" என்று பவளம் கேலி செய்வாள். என் பக்கத்து மேசையில் திருகாணி முறுக்குகிறவள் அவள்.

ஆசையாவது மண்ணாவது. பயம்.

என் வீட்டுக்காரர் முனிவேல் ஒரு சின்னப் பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். இரும்புத் தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து ஒரு கட்டை இறங்கி ஒரே அமுக்காக அமுக்கும். கை உள்ளே இருந்தால் மெஷின் தானாக நிற்க வேண்டும். போன ஆடி மாதத்தில் ஒருநாள் அது நிற்கவில்லை. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். நடுவில் இருந்த மூன்றும் போய்விட்டன.

விரல் போனதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். மனுஷர் போனதைத்தான் தாங்க முடியவில்லை. வாய் ஓயாமல் பேசுகிறவர், பேச்சையே விட்டுவிட்டார். வெளியே போவதில்லை. வீட்டுக்குள்ளேயே வலது கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். குக்கர் விசில் அடித்தால் உடம்பு தூக்கிப் போடும். போன் மணி அடித்தாலும் அதே கதைதான். அதனால் மணியை அடக்கி, நடுங்க மட்டும் செய்கிற மாதிரி வைத்துக்கொண்டார். ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கும்போது, சாம்பார் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்.

"நான் இல்லாம போனா, நீ மத்தூர்ல உங்க அம்மா ஊட்டுக்குப் போயிடுவ இல்ல மாதேசு? அங்க உனக்கு நிம்மதியா இருக்கும்."

கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அவர் பாட்டுக்குச் சோற்றைப் பிசைந்தார், இடது கையால். மறுநாளே அவரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அம்மா பொறுமையாகக் கேட்டார், மாத்திரை எழுதினார், மாதாமாதம் வரச் சொன்னார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு அவரைத் தனியா விடாதீங்க" என்றார். நல்லவர்தான். ஆனால் நான் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்பதை அவருக்கு யார் சொல்வது? சூப்பர்வைசர் வெங்கட்டிடம் கெஞ்சிக் கூத்தாடி நைட் ஷிப்ட் போடாமல் பகல் ஷிப்டாகவே வாங்கிக்கொண்டேன். அதற்கு மேல் என்னால் முடிந்தது அந்த பிரேக் நேரத்து போன்தான். அவர் எடுத்து "ம்" என்று சொல்லிவிட்டால் போதும், அடுத்த பிரேக் வரை எனக்கு மூச்சு வரும்.

இன்னொரு காரியமும் செய்தேன். எங்கள் வீடு இரண்டாவது மாடி. அதற்கு மேலே மொட்டைமாடி. கீழே குடியிருக்கிற வீட்டுச் சொந்தக்காரம்மா முனவர் பேகத்திடம் போய், மொட்டைமாடிக் கதவைப் பூட்டிச் சாவியை அவர்களே வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். முனவரக்கா வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு, "யா அல்லா" என்றார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. அன்றைக்கே பூட்டு தொங்கியது. துணி காயப்போட மாடிக்கு வர முடியாமல் கீழ்வீட்டுக் குடித்தனக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "தண்ணி ஒழுவுது, வேல நடக்கப் போவுது" என்று முனவரக்கா ஒரு பொய்யை எடுத்துவிட்டு அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பேச்சில் அவர்களை யாரும் ஜெயிக்க முடியாது.

இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரசத்துக்குத் தக்காளி அரிந்துகொண்டிருந்தேன். கூடையில் அடியில் கிடந்த ஒன்று தொளதொளவென்று பழுத்திருந்தது. பிளந்தால் உள்ளே விதையெல்லாம் முளைவிட்டு, வெள்ளை வெள்ளையாக நெளிந்துகொண்டிருந்தது. புழு என்றுதான் முதலில் நினைத்தேன். "சீ" என்று குப்பைக் கூடைக்குக் கொண்டுபோனேன்.

"ஏ, போடாத" என்றார்.

தண்ணீர் குடிக்க வந்தவர் என் பின்னால் நின்றிருந்தார். அந்த வாரத்தில் அவராக வாய் திறந்து பேசிய முதல் பேச்சு அது. நான் அப்படியே அந்த அழுகின தக்காளியை நீட்டினேன். வாங்கிக்கொண்டு பின்பக்க பால்கனிக்குப் போய்விட்டார்.

அந்த முளைகளைத் தயிர் டப்பாவில் மண் போட்டு வைத்தார். அந்த மண்ணுக்காகத்தான் பல மாதம் கழித்து முதல் முறையாகத் தானாகவே படியிறங்கித் தெருவுக்குப் போனார். பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள், அங்கே குழி தோண்டின செம்மண் குவிந்து கிடந்தது. பச்சை தலைகாட்டியது. நான் சந்தோஷத்தில் முனவரக்கா வரைக்கும் தம்பட்டம் அடித்துவிட்டேன். ஆனால் மனுஷர் பாசத்தில் காலையிலும் மாலையிலும் நடுவிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் எழுந்து பார்த்தால் எல்லாம் கழுத்து நைந்து சாய்ந்து கிடந்தன. அன்றைக்கு வேலைக்குப் போகவே எனக்குக் கால் வரவில்லை. செடி போனால் போகட்டும், இவரும் பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாரோ என்றுதான் கவலை.

டீ பிரேக்கில் போன் போட்டேன். எடுத்தார். "ம்" என்று சொல்லாமல், "நாட்டுத் தக்காளி கெடைச்சா வாங்கிட்டு வா, பழுத்ததா" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. பவளம் கொண்டுவந்து கொடுத்த வடையை இரண்டு வாயில் தின்று தீர்த்தேன்.

இரண்டாவது தடவை அவர் அவசரப்படவில்லை. போனில் யாரோ ஒரு கன்னடக்காரர் பேசுகிற வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். தக்காளியைப் பிழிந்து, விதையைக் கொழகொழப்போடு ஒரு டம்ளரில் தண்ணீர் விட்டு வைத்தார். அது நுரைத்துப் புளித்து வீடே நாறியது. என்ன கண்றாவி என்று தெரியாமல் நான் சிங்க்கில் கொட்டப் போக, "மாதேசு!" என்று ஒரு அதட்டு அதட்டினார். அடேயப்பா, அந்த அதட்டலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! விதையைக் கழுவினால் கொழகொழப்பு போய்ச் சுத்தமாக வந்தது. பேப்பரில் உலர்த்தி, புதுசாக மண் மாற்றி விதைத்தார். தண்ணீரைக் கையால் தெளித்தார், அதுவும் மண் காய்ந்ததைத் தொட்டுப் பார்த்த பிறகு.

அப்புறம் எங்கள் போன் பேச்சே மாறிவிட்டது. "சாப்ட்டியா?" என்று நான் கேட்டால், "மொளைச்சிடுச்சி" என்பார். "மாத்தர போட்டியா?" என்றால், "ரெட்ட எலை வந்துட்டுது, இனிமே வர்ரதுதான் நெசமான எலை" என்பார். நான் கேட்டதற்குப் பதில் வராவிட்டால் என்ன, குரல் வருகிறதே. லைனுக்குத் திரும்பி வந்து நான் சிரித்தபடி திருகாணி முறுக்குவதைப் பார்த்து, "உன் ஊட்டுக்காரரு அப்படி என்னதான்டி பேசறாரு?" என்று பவளம் நச்சரிப்பாள். எலை பற்றிப் பேசுகிறார் என்று சொன்னால் நம்புவாளா அவள்?

நாற்றைப் பிரித்து நடுகிற அன்றைக்கு எனக்கு லீவு. முனவரக்கா வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சின பெயிண்ட் வாளிகளை வாங்கி, அடியில் கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டு வைத்திருந்தார். நாற்றைத் தண்டைப் பிடித்துத் தூக்கக் கூடாதாம், இலையைப் பிடித்துத்தான் தூக்க வேண்டுமாம், தண்டு நசுங்கினால் செடி பிழைக்காதாம். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் நாற்று, இரண்டு கை வேண்டிய வேலை. அவர் இடது கையால் இலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வலது கை துண்டுக்குள்ளேயே இருந்தது. நான் கரண்டியால் மண்ணோடு நெம்பிக் கொடுத்தேன். துண்டை எடுத்தால்தான் என்ன என்று நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளையாக அன்றைக்கு என் வாய் எனக்கு அடங்கியது.

வாளிகள் எல்லாம் பின்பக்க பால்கனியில் ஒரு நீளப் பலகைமேல் வரிசையாக நின்றன. ஓசூரில் எங்கள் பக்கம் குரங்குத் தொல்லை அதிகம் என்பதால் பால்கனிக்கு முனவரக்கா கம்பி அடைத்திருந்தார்கள். அதற்கு மேல் கொசுவலை. அதற்கு மேல் சாரல் அடிக்காமல் இருக்க, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஷீட். வெளிச்சம் வரும், வெயிலும் சாய்வாக வரும். செடிகள் மளமளவென்று வளர்ந்தன. குச்சி நட்டுக் கட்டினார். இலையைத் தொட்டால் கையெல்லாம் தக்காளி வாசம். வீட்டுக்குள் வந்தாலே அந்த வாசம்தான் முதலில் வரும், எனக்கு மனசு குளிர்ந்துவிடும். ஒருநாள் போனில், "பூ" என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் வந்து பார்த்தால் மஞ்சள் மஞ்சளாகக் கொத்துக் கொத்தாகப் பூ.

அதோடு நின்றது. பூத்த பூ ஒன்றும் பிஞ்சாகவில்லை. காம்பு மஞ்சளாகிப் பொத்தென்று விழுந்தது. கொத்துக் கொத்தாகப் பூக்கும், கொத்துக் கொத்தாகக் கொட்டும். முனவரக்கா வந்து பார்த்துவிட்டுப் புளித்த மோர் தெளிக்கச் சொன்னார்கள். தெளித்தோம். பவளம் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொன்னாள். போட்டோம். கம்பெனி பஸ் டிரைவர்கூட ஒரு யோசனை சொன்னார், அதை இங்கே எழுத முடியாது. பூ கொட்டிக்கொண்டே இருந்தது.

அவர் பேச்சும் குறைந்தது. விழுந்த பூக்களைப் பொறுக்கிப் பலகை ஓரத்தில் குவித்து வைப்பார். போனில் மறுபடி "ம்" ஆரம்பித்தது.

ஒருநாள் ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னார். "காத்து இல்ல மாதேசு. தேனீயும் உள்ள வர முடியாது. பூ அசையணும். அசைஞ்சாதான் உள்ள இருக்கற தூளு உதிர்ந்து காய் புடிக்கும். கையால ஆட்டிப் பாத்தேன், காம்புதான் ஒடியுது. மொட்ட மாடிக்கித் தூக்கிட்டுப் போயிட்டா போதும். முனவரக்காகிட்ட சாவி கேட்டேன். தண்ணி ஒழுவுதுங்கறாங்க. எத்தன மாசமா ஒழுவுது? மேல போயி ஒரு ஆளு வேல செஞ்சி நான் பாக்கலியே?"

"பெரிய வேலையாம். ஆளு கெடைக்கலியாம்" என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் ஒரு கட்டை ஏறிவிடும். அது எனக்கே கேட்டது. அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

காலையில் பஸ்ஸுக்குப் போகிற வழியில் முனவரக்காவைப் பிடித்தேன். "நேத்து மறுபடி கேட்டாரு மாதேசு. எனக்கு மூஞ்சியே குடுக்க முடியல" என்றார்கள். "செடிக்குத்தான கேக்கறாரு? எத்தன நாளைக்கி இப்பிடிப் பூட்டி வெப்ப?"

"செடி காய்க்காம போனா மனசு விட்டுருவாருக்கா. கதவத் தொறந்தா..."

முனவரக்கா என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். "நீ சொல்லு, நான் தொறக்கறேன். நீ சொல்லாம தொறக்க மாட்டேன்" என்றார்கள். அந்தப் பொறுப்பையும் தூக்கி என் தலையிலேயே வைத்தாயிற்று. பூட்டை வைத்தால் செடி சாகிறது. பூட்டை எடுத்தால்? நாளெல்லாம் இதே ஓட்டம்தான் மண்டைக்குள். திருகாணியைக் கோணலாக முறுக்கி இரண்டு போன் ரிஜெக்ட் ஆனது. வெங்கட் வந்து முறைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு சாப்பாட்டு பிரேக்கில் என் வீட்டுக்காரர் போனை எடுக்கவே நேரமாயிற்று. அடித்து ஓயப்போகிற சமயத்தில் எடுத்து, "அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ஏதோ யோசனையாகவே இருந்தார். ராத்திரி புரண்டு புரண்டு படுத்தார். நானும்தான் தூங்கவில்லை.

மறுநாள் காலை டீ பிரேக். போன் போட்டேன். எடுக்கவில்லை.

குளிக்கிறார்போல என்று நினைத்தேன். மறுபடி போட்டேன். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி. பிரேக் முடிகிற பெல் அடித்துவிட்டது, போனை லாக்கரில் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். சாப்பாட்டு பிரேக் வரை நான் எப்படி நின்றேன் என்று கேட்காதீர்கள். பெல் அடித்ததும் பாய்ந்தேன். அடித்தேன், அடித்தேன், விடாமல் அடித்தேன். ஒவ்வொரு தடவையும் முழுக்க அடித்து, அந்தப் பெண் குரல் வந்து அவர் எடுக்கவில்லை என்று எனக்கே சொன்னது. முனவரக்காவுக்குப் போட்டேன். பின்னால் ஒரே மேளச் சத்தம்.

"நான் கிஷ்ணகிரில ஒரு நிக்காவுக்கு வந்திருக்கேனேம்மா! ஏன், என்னாச்சி?"

"சாவி எங்கக்கா?"

"எங்கிட்டதான் இருக்கு, கைப்பையில. மாதேசு, நீ ஓடு. ஊட்டுக்கு ஓடு."

வெங்கட்டிடம் போய் நின்றேன். என்ன சொன்னேனோ தெரியாது, என் முகத்தைப் பார்த்ததும் மனுஷர் ஒரு கேள்வி கேட்காமல் கேட் பாஸில் கையெழுத்துப் போட்டார். அந்த நேரத்துக்குக் கம்பெனி பஸ் கிடையாது. பவளம் தன் ஸ்கூட்டி சாவியை என் கையில் திணித்தாள். "உனக்கு ஓட்ட வருமாடி?" என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்லக்கூட நான் நிற்கவில்லை. அன்றைக்கென்று பார்த்து அந்தக் கதவுச் சட்டம் கீச்சென்று கத்தியது. செக்யூரிட்டிப் பெண் தடவித் தடவிப் பார்க்கிறாள். "என் புருசன் அங்க என்ன ஆனாரோ, நீ இங்க ஊக்கத் தேடிட்டிரு" என்று கத்திவிட்டேன். பாவம், விட்டுவிட்டாள்.

ஸ்கூட்டியில் போகும் வழியெல்லாம் கண்டெய்னர் லாரி. கர்நாடகா வண்டி ஒன்று என்னை உரசிக்கொண்டு போனது. அவனைத் திட்டினேன், சிக்னலைத் திட்டினேன், ரோட்டைத் தோண்டிப் போட்டவனைத் திட்டினேன். கடைசியில் முனிவேலைத் திட்டினேன். உனக்கு நான் என்னய்யா குறை வைத்தேன், விரல் போனால் என்ன, என் கை இரண்டும் உனக்கு இல்லையா, எங்கேயும் போய்விடாதே மாமா, போய்விடாதே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். ஹெல்மெட்டுக்குள் எல்லாம் எனக்கே திரும்பிக் கேட்டது.

வண்டியைக் கேட்டில் சாய்த்துவிட்டுப் படி ஏறினேன். ஏறும்போதே மறுபடி போன் போட்டேன், எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. கை பழகிவிட்டது. என்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தேன். கூடத்தில் இல்லை. சமையலறையில் இல்லை. பால்கனிப் பக்கம் இருந்து சத்தம் வந்தது. ர்ர்ர்... ர்ர்ர்... என்று போன் நடுங்குகிற சத்தம்.

பால்கனிக் கதவைத் தள்ளினேன்.

பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். துண்டு தரையில் கிடந்தது. வலது கையின் கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் ஒரு பூங்கொத்தின் காம்பை, நசுங்காமல், பட்டும் படாமலும் பிடித்திருந்தார். இடது கையால் போனை அந்தக் காம்பின்மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். என் பெயர் எரிந்துகொண்டிருந்த போன். அது நடுங்க நடுங்கக் கொத்து முழுக்க நடுங்கியது. பூவிலிருந்து பொன் நிறத்தில் தூள் உதிர்ந்து, போனின் கண்ணாடித் திரைமேல் விழுந்தது.

அதிர்ச்சியில் என் விரல் பட்டுப் போன் கட் ஆகிவிட்டது. ர்ர்ர் நின்றது.

"ஏன் கட் பண்ண?" என்றார் திரும்பாமலே. அப்புறம்தான் நான் கம்பெனியில் இருக்க வேண்டிய நேரமாயிற்றே என்று உறைத்திருக்கிறது. திரும்பிப் பார்த்தார். "நீ எப்ப வந்த? இந்நேரத்துக்கு என்னாத்துக்கு வந்த?"

நான் அவர் முதுகில் அடித்தேன். தோளில் அடித்தேன். கை வலிக்கிற வரைக்கும் அடித்தேன். "போன் எடுக்கறதுக்கு என்னய்யா உனக்கு? எத்தன வாட்டி அடிச்சேன்! எடுத்து ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"எடுத்தா நின்னு போயிடுமில்ல" என்றார்.

அடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதேன். அவர் பதறிப் போனார். என் பக்கத்தில் உட்கார்ந்து படபடவென்று பேச ஆரம்பித்தார். நேற்று நான் கூப்பிட்டபோது போன் பலகைமேல் இருந்ததாம். அது நடுங்கினதும் பலகை நடுங்கிச் செடி நடுங்கிப் பூவிலிருந்து தூள் கொட்டினதைப் பார்த்தாராம்.

"எங்க பட்டறையில போல்ட்ட எல்லாம் ஒரு கிண்ணத்துல கொட்டுவோம் மாதேசு. கிண்ணம் நடுங்கிட்டே இருக்கும். நடுங்கி நடுங்கி ஒவ்வொண்ணா வரிசையில வந்து நிக்கும். அது ஞாபகம் வந்துச்சி. ராத்திரி பூரா அதே நெனப்பு. அலாரம் வச்சிப் பாத்தேன், நின்னு நின்னு போவுது. நீ ஒருத்திதான் விடாம அடிப்ப."

விபத்துக்குப் பிறகு அவர் வாயில் பட்டறை என்ற சொல் வந்தது அன்றைக்குத்தான். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு அவர் வலது கையைப் பிடித்தேன். இழுத்துக்கொள்ளவில்லை. விரல் முடிந்த மொட்டுகளில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது.

"முனவரக்கா வரட்டும்" என்றேன். "சாவிய வாங்கிடறேன். மாடியில வச்சிட்டா காத்து பாத்துக்கும். உனக்கு இந்தத் தொல்ல வேணாம்."

அவர் கொசுவலைக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூட்டச் சொன்னது நீதான்னு எனக்குத் தெரியும் மாதேசு" என்றார். "பூட்டு தொங்கின அன்னிக்கே தெரியும்."

நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"கோவமா இருந்துச்சி மொதல்ல. அப்பறம்... நல்லதுதான் பண்ணாளுன்னு தோணுச்சி. இப்பவும் சில நாளு காத்தால எழுந்திருக்கறப்ப மனசு சரியில்ல. அடுத்த வாட்டி டாக்டரம்மாகிட்ட நானே சொல்றேன். அதுவரைக்கும் சாவி அந்தக்காகிட்டயே இருக்கட்டும். செடி இங்கியே இருக்கட்டும். நீ போன் மட்டும் விடாம பண்ணு."

"நீ எடுக்க மாட்டியே. உள்ள எனக்கு எப்பிடி இருக்கும்னு தெரியுமா?"

யோசித்தார். "மொதல் வாட்டி எடுக்கறேன். இருக்கேன்னு சொல்றேன். அப்பறம் அடிக்கறதெல்லாம் செடிக்கி."

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். இரண்டு வாளி இன்னும் பாக்கி இருக்கிறது என்றார். சமையலறைக்குப் போய் நின்று அவர் நம்பரைப் போட்டேன். ஒரே மணியில் எடுத்தார்.

"இருக்கேன்" என்றார்.

வைத்துவிட்டு மறுபடி போட்டேன். பால்கனியில் ர்ர்ர் என்று கேட்டது. அவர் எடுக்கவில்லை. முழுக்க அடித்து ஓய்கிற வரை சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு திரும்பவும் போட்டேன்.